நாலு பேரிடம் விசாரித்தது

"நான் விசாரிச்சாச்சும்மா. அந்தப் பாளையங்கோட்டைப் பையன் சாப்ட்வேர்தான். ஆர்டரை அடி."

முதலாளி அருமைநாயகம் சொன்னதைக் கேட்டதும் மதுமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வண்ணார்பேட்டையில் பம்ப்செட் உதிரிபாகங்களை மொத்தமாக விற்கும் அந்தக் கம்பெனிக்கு அவள்தான் மேனேஜர். மூன்று குடோன், ஒன்பதாயிரம் சாமான். எது எங்கே கிடக்கிறது என்று சொல்ல ஒரு சாப்ட்வேர் வேண்டும். ஒரு மாதமாக மூன்று கம்பெனிக்காரர்களை வரவழைத்து, ஓட்டிக் காட்டச் சொல்லி, மார்க் போட்டு வைத்திருந்தாள்.

"அண்ணாச்சி, சென்னைக் கம்பெனி எண்பத்திரண்டு மார்க். பெங்களூர்க்காரங்க எழுபத்தெட்டு. நீங்க சொல்லுத ஜெபஸ்டின் அறுபத்தொண்ணு. அவர்ட்ட வேலைக்கே ரெண்டு பேருதான் இருக்காங்க."

"போன தடவையும் பெரிய கம்பெனியத்தான எடுத்தோம்? நாந்தான எடுத்தேன்?"

போன பிசானப் பருவ நெல் நடவு சமயத்தில் அந்த சாப்ட்வேர் நின்றுபோனது. ஐந்து நாள் அந்தக் கம்பெனிக்காரன் போனை எடுக்கவில்லை. சாமான் உள்ளே கிடந்தும், எங்கே என்று தெரியாமல் 'இல்லை' என்று சொல்லி அனுப்பினார்கள். நாங்குநேரிக்காரர் ஒருவர், "நாத்து காயுதே அண்ணாச்சி" என்று வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார். அன்றிலிருந்து அருமைநாயகம் முன்வாசல் வழியாக வருவதில்லை. பின்பக்கம் குடோன் வழிதான்.

"நானும் விசாரிச்சேன் அண்ணாச்சி. அவங்க குடுத்த நம்பர்ல பழைய கஸ்டமர்ங்ககிட்ட எல்லாம் பேசினேன்."

"அவன் குடுத்த நம்பர்ல அவன் மச்சான்தாம்மா பேசுவான்."

"அப்ப நீங்க யார்ட்ட கேட்டிய?"

"அவன் தெருவுக்கே போனேன். டீக்கடைக்காரரு, இஸ்திரி போடுதவரு, எதுத்த வீட்டு வாத்தியாரு, வேதக்கோயில்ல மணியடிக்கிறவரு. குடி கிடையாது. ஏழு மணின்னா ஏழு மணிக்கு வந்து நிப்பான். முக்கூடல்ல ஒரு அரிசி ஆலையில கம்ப்யூட்டர் நின்னுட்டுன்னு காய்ச்சலோட போயி, மூணு நாள் அங்கனயே கிடந்து ஓட வச்சுட்டுத்தான் வீட்டுக்கு வந்துருக்கான். பொய் வராது. அம்மாட்ட மட்டும் கத்துவானாம், மாத்திரை போடலைன்னா."

மதுமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாப்ட்வேர் எப்படின்னு கேட்டா, அம்மா மாத்திரை வரைக்குமா சொல்லுதாங்க?"

"சாப்ட்வேர்னு வாயத் தொறந்தா ஒருத்தன் உண்மை சொல்லமாட்டான். நமக்கென்னன்னு 'நல்லாருக்கும்'பான். கேக்குத மாதிரி கேட்டா எல்லாத்தையும் கொட்டிருவான்."

"எப்படிக் கேட்டிய?"

அருமைநாயகம் சட்டைப்பையில் இல்லாத பேனாவைத் தேடினார். "அது எதுக்கு உனக்கு? ஆர்டரை அடி."

வெள்ளிக்கிழமை ஜெபஸ்டின் வந்தான். முப்பத்தெட்டு வயது. நெற்றியில் தொடங்கி இடது கன்னம் முழுக்க வெண்திட்டு. முதல் தடவை கசங்கிய சட்டையோடு வந்தவன், இன்று தேய்த்த புதுச் சட்டையில் இருந்தான்.

"வணக்கம் மாமா" என்றவன், நாக்கைக் கடித்துக்கொண்டு, "சார்" என்று திருத்தினான். "அம்மாவும் வந்துருக்காங்க. கூட வாரேன்னு ஒரே பிடிவாதம்."

வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மாள் பின்னாலேயே வந்து கும்பிட்டார். அருமைநாயகம் பதிலுக்குக் கும்பிடக் கையைத் தூக்கி, பாதியிலேயே இறக்கிவிட்டார்.

ஜெபஸ்டின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். மதியத்துக்குள் முதல் குடோன் சாமானெல்லாம் திரையில் ஏறிவிட்டது. மதுமதி ஒரு வாஷரின் பெயரைத் தட்டினாள். 'எட்டாவது தட்டு, இடது மூலை' என்று வந்தது. ஆள் போய்ப் பார்த்தான். அங்கேயே இருந்தது.

"நீங்க விசாரிச்சது வீண்போகல அண்ணாச்சி" என்றாள் மதுமதி மனதார.

அவர் தலையை ஆட்டினார். முகம் மட்டும் தெளியவில்லை.

ஜெபஸ்டின் அடுத்த குடோனுக்குப் போனதும், அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு சீப்புப் பழமும் உடன்குடிக் கருப்பட்டி ஒரு பொட்டலமும் எடுத்து மேஜையில் வைத்தார்.

"எதுக்கும்மா இதெல்லாம்?" அருமைநாயகம் பொட்டலத்தை அவர் பக்கமே நகர்த்தினார்.

"வெறுங்கையோட வரலாமா அண்ணாச்சி? வண்ணார்பேட்டை அருமைநாயகம் அண்ணாச்சியே வந்து விசாரிச்சுட்டுப் போனாருன்னு டீக்கடைக்காரரு சொன்னப்ப எனக்கு நம்பிக்கை வரல. கோயில்ல மணியடிக்கிறவரும் வந்து சொன்ன பிறகுதான் நம்புனேன்." அவர் சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டார். "எம்புள்ளைக்கு முகத்துல இந்தத் திட்டு விழுந்து பன்னெண்டு வருசம். அதுக்குப் பெறவு எங்க தெருவுக்கு ஒரு ஆளு விசாரிக்க வந்ததில்ல. நீங்க அவன் முகத்தைப் பாத்த பெறவும் வந்துருக்கிய. இந்த ஆர்டர் இல்லைன்னாலும் பாதகமில்ல, அது வேற, இது வேறன்னு அவன்ட்ட சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்."

மதுமதி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். அருமைநாயகம் மேஜைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு பேரு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி. ஜெபத்துல பேரைச் சொல்லிக் கேக்கணும்லா?"

அருமைநாயகம் மறுபடியும் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். அவருக்கு இருப்பது இரண்டு மகன்கள். பெண் பிள்ளையே கிடையாது.