கட்டணக் கூட்டத்துக்கு வந்த கூட்டம்

"பையை எல்லாம் சோதிச்சியா?" மேடைத் திரைக்குப் பின்னாலிருந்து லிட்டர் சார் கிசுகிசுத்தார்.

"சோதிச்சேன் சார். கல்லு, முட்டை, தக்காளி ஒண்ணும் இல்ல. ஆளுக்கு ஒரு செட் மாத்துத் துணி, அவ்வளவுதான்" என்றார் காவலாளி.

மாற்றுத் துணியா! அப்படியென்றால் இங்கேயே தங்கிப் போராடத் துணிந்துதான் வந்திருக்கிறார்கள்.

நகரக் குடிநீர் அலுவலகத்தில் கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரி அவர். எதைக் கேட்டாலும் லிட்டரில் பதில் சொல்வதால் அந்தப் பெயர். தண்ணீருக்கும் சாக்கடைக்கும் கட்டணத்தை மாற்றும் முன் மக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும் என்று விதி. அவரும் பதினோரு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார். போன வருடம் வந்தது ஒரே ஒருவர். அவரும் பல் டாக்டர் அறை எது என்று விசாரித்துவிட்டுப் போய்விட்டார்.

"இந்தத் தடவை பத்துப் பேராவது வரலைன்னா, அடுத்த வருஷம் கூட்டமே வேண்டாம். பலகையில ஒரு தாளை ஒட்டிட்டு வேலையைப் பாருங்க" என்று மேலதிகாரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். லிட்டர் சார் பயந்துபோய் மச்சானையும் சித்தப்பா மகனையும் கெஞ்சிக் கூத்தாடி அழைத்திருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்துவிட்டது.

ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நூறு நாற்காலியும் நிரம்பி, சுவரோரம் வேறு ஆட்கள் நின்றார்கள். துணைக்கு அழைக்கவும் ஆளில்லை. வடக்குப் பக்கம் உடைந்துபோன பெரிய குழாயோடு பொறியாளர்கள் மூன்று நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வருவது வரட்டும் என்று லிட்டர் சார் மேடை ஏறினார்.

"அன்பான பொதுமக்களே..." குரல் எலிக்குஞ்சு போல வந்தது.

யாரும் கத்தவில்லை. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். குழாய் பதிப்பதற்கு ஆகும் செலவு, தண்ணீரை மேலேற்றும் மோட்டாரின் மின்கட்டணம், துரு, கசிவு என்று அவர் ஒவ்வொன்றாக விளக்க, தலைகள் ஆடின. அவர் குரலும் எலியிலிருந்து மெல்ல மனிதக் குரலுக்கு வந்தது.

முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று தாளை மடித்தபோது, முன்வரிசையில் இருந்த தையல்காரம்மா பதறி எழுந்தார்.

"சார், ஒரு சந்தேகம்! உள்ள வர்ற தண்ணிக்கு மீட்டர் இருக்கு. சாக்கடைக்குப் போறதை எப்படி அளக்குறீங்க?"

லிட்டர் சாருக்குப் புல்லரித்தது. இந்தக் கேள்விக்காகத்தானே பதினோரு வருடம் தவம் கிடந்தார்!

"அளக்குறதில்லைம்மா. உள்ள வர்றது நூறு லிட்டர்னா, வெளிய போறது எண்பதுன்னு ஒரு கணக்கு வெச்சிருக்கோம். மீதி இருபது குடிக்கிறது, சமைக்கிறது, செடிக்கு ஊத்துறது."

கையெல்லாம் கிரீஸோடு இருந்த மெக்கானிக் ஒருவர் எழுந்தார். "குடிக்கிறதும் கடைசியில அங்கதானே சார் போகுது?"

அரங்கம் குலுங்கியது. லிட்டர் சார் மட்டும் சிரிக்காமல் அதைக் குறித்துக்கொண்டார். "நியாயமான கேள்வி. அப்போ எண்பதை எண்பத்திரண்டாக்கிடலாம்."

"ஐயையோ, வேண்டாம் சார்! உட்காரு அண்ணே, வாயைக் கொடுத்து மாட்டி விடாதே!" என்று நாலு பேர் மெக்கானிக்கின் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

சட்டையை விடுவித்துக்கொண்டு மெக்கானிக் பக்கக் கதவு வழியாக வெளியே போனார். அந்தப் பக்கம்தான் சாக்கடைப் பிரிவு ஊழியர்கள் வேலை முடிந்து கைகால் கழுவி உடை மாற்றும் அறை. கால் மணி நேரத்தில் திரும்பி வந்தபோது அவர் முகம் பளிச்சென்று இருந்தது. தூக்கம் வந்துவிடக் கூடாது என்று முகம் கழுவிக்கொண்டு வருகிறாரே, என்ன அக்கறை என்று லிட்டர் சார் நெகிழ்ந்துபோனார்.

அதற்குப் பிறகு லிட்டர் சாரை யாராலும் பிடிக்க முடியவில்லை. பேச்சை முடிக்கப் போகும்போதெல்லாம் யாராவது ஒரு கேள்வி கேட்டார்கள். தண்ணீரே உபயோகிக்காத வீட்டுக்கும் மாதக் கட்டணம் ஏன்? வாடகை வீட்டில் குழாய் ஒழுகினால் யார் கட்டுவது? தெரு நாய் குழாயைத் திறந்து குடித்தால் அது யார் கணக்கு? எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. நாய்க்குக்கூட ஒரு விதி இருந்தது.

பக்கக் கதவு வழியாக ஆட்கள் மாறி மாறிப் போய் வந்துகொண்டிருக்க, மூன்று மணி நேரம் ஓடிவிட்டது. கட்டண உயர்வுக்கு யாராவது மறுப்புச் சொல்கிறீர்களா என்று கேட்டார். ஒரு கைகூட உயரவில்லை. மேலதிகாரி இதைப் பார்க்காமல் போய்விட்டாரே என்று அவருக்கு ஆற்றாமையாக இருந்தது.

பின்னால் காவலாளி சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினார். கூட்டம் முடிந்தால்தான் கட்டடத்தைப் பூட்டிவிட்டு அவர் வீட்டுக்குப் போக முடியும்.

"நேரமாயிடுச்சு. இத்தோட கூட்டத்தை முடிச்சுக்கிறேன்" என்றார் லிட்டர் சார்.

"ஐயோ, வேண்டாம் சார்!" அரங்கம் முழுவதும் ஒரே குரலில் அலறியது.

லிட்டர் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிய மனைவியே அவர் பேச்சை இரண்டு நிமிடத்துக்கு மேல் கேட்டதில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"நிஜமாவே நான் இன்னும் பேசணுமா?"

கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"பேசிக்கிட்டே இருங்க சார், இன்னும் எட்டுப் பேர் குளிக்கணும்!"