இடது மூலைக்கு ஒருவன்

"இன்னொரு தபா நில்லுண்ணா. இப்ப நான் சோத்தாங்கைப் பக்கம் திரும்பறேன், காலைப் புடி பாக்கலாம்."

கிரண்குமார் நடுக்கோட்டைத் தாண்டி, கபடி பாடிக்கொண்டு வந்தான். இடது மூலையில் நின்ற சிட்டிபாபு குனிந்து பாய்ந்தான். அவன் கைக்குக் கிடைத்தது ரேணிகுண்டாவின் செம்மண் மட்டுமே.

"திரும்பவும் வுட்டுட்டியேண்ணா" என்று சிரித்தான் கிரண்குமார்.

சிட்டிபாபுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தொழிற்சாலையின் கபடி அணியில் எஞ்சியிருந்தது ஒரே இடம். இடது மூலையில் நின்று, பாடி வருபவனின் காலைப் பற்றி இழுக்கும் 'கார்னர்' இடம். அதற்குப் போட்டியிடுவோர் இருவர்: ஆறாண்டுகளாக அங்கே ஆடிவரும் அவனும், இந்தக் கிரண்குமாரும். அன்று காலை பத்து மணிக்குத் தேர்வு.

தொழிற்சாலை புதிய முதலாளிகளின் கைக்கு மாறிய பின், அணியில் இருப்பவனுக்கே வேலை என்று ஆகிவிட்டது. தோற்றவன் மாலையில் அடையாள அட்டையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டியதுதான். முப்பத்திரண்டு வயதில் சிட்டிபாபு எங்கே போவான்? பிச்சாட்டூருக்குத் திரும்பினால் கூலி வேலை. இல்லையேல் மனைவி மக்களைப் பிரிந்து பெங்களூரில் கட்டட வேலை.

அப்படியிருக்க, இருபத்திரண்டு வயதுப் போட்டியாளன் பத்து நாட்களாக விடியற்காலையில் எழுந்து வந்து, தனக்கே பயிற்சி அளிப்பானேன்?

"ஏண்டா கிரணு, உனக்கு இன்னா பைத்தியமா? எனக்குக் கத்துக் குடுத்தா உன் எடம்தானே போவும்?"

"போனா போவுதுண்ணா. உனக்கு ரெண்டு பொண்ணுங்க இஸ்கூலுக்குப் போய்க்கினு இருக்குதுங்க. நான் ஒண்டிக்கட்டை. எங்கனா போயி பொழச்சிக்குவேன்."

"வூட்ல தாட்சாயணி இன்னா சொல்றா தெரியுமா? அவ தங்கச்சி கல்பனாவைக் கேக்கத்தான் நீ இப்படி என்னைச் சுத்திக்கினு இருக்கியாம்."

"அந்தப் பொண்ணு என்னை வுட ஒசரம்ண்ணா. ஏணி வெச்சித்தான் தாலி கட்டணும்."

சிட்டிபாபுவும் சிரித்துவிட்டான். ஆயினும் குழப்பம் தீரவில்லை. ஒருவேளை பட்டியல் முன்னரே எழுதப்பட்டுவிட்டதோ? தோற்கப் போகிறவன் மீது காட்டும் இரக்கமோ இது?

"அது கெடக்கட்டும்" என்றான் கிரண்குமார். "சோத்தாங்கைப் பக்கம் திரும்பினா மட்டும் வுட்டுடறியே, இன்னாத்துக்கு?"

சிட்டிபாபு சுற்றுமுற்றும் பார்த்தான். பயிற்சியாளர் பாலையாவிடமும், ஏன், தாட்சாயணியிடமும்கூட அவன் கூறாத செய்தி அது.

"போன வருசம் பாகாலா மேச்சுல வுழுந்தேன் இல்ல? அப்பத்திலேர்ந்து இந்த முட்டி சரியா மடங்கறதில்ல. அந்தப் பக்கம் குனியறதுக்குள்ள ஆளு போயிடறான். யார் கையிலயும் சொல்லிடாதடா."

"நான் ஏன் சொல்லப் போறேன். நீ ஒரு அடி பின்னால தள்ளி நில்லு. நம்ம பசங்க எல்லாம் பீச்சாங்கைப் பக்கமே திரும்புவானுங்க. உனக்குச் சுளுவு."

பத்து மணிக்குப் பாலையா ஊதலை எடுத்தார்.

"ஆளுக்குப் பத்து தபா பாடி வருவாங்க. எவன் ஜாஸ்தி புடிக்கிறானோ அவன் டீம்ல. இன்னொருத்தன் வூட்டுக்கு. அந்தே, அவ்ளோதான்."

முதலில் நின்றவன் கிரண்குமார். பத்தில் நான்கு பேரையே பிடித்தான். பாலையா நெற்றியைச் சுருக்கினார்.

"ஏம்ரா, நேத்து வரைக்கும் எட்டு புடிச்சிக்கினு இருந்தவன்தானே நீ? சோறு துன்னலயா?"

"கை வழுக்குது சார்."

சிட்டிபாபு ஓரடி பின்தள்ளி நின்றான். கிரண்குமார் கூறியவாறே வந்தவர்கள் பெரும்பாலும் இடப்புறமே திரும்பினர். ஆறு பேர் அவன் பிடியில் வீழ்ந்தனர்.

நான்கு மணிக்கு அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டப்பட்டது. 'இடது கார்னர்: சிட்டிபாபு.' அவன் அதை மூன்று முறை படித்தான்.

"மாவட்டச் சங்கத்துக்கு ஃபேக்ஸ் போயிடுச்சி" என்றார் பாலையா. "இனிமே மலை மேல இருக்கிற சாமியே எறங்கி வந்து கேட்டாலும் ஒரு பேரை மாத்த முடியாது."

கிரண்குமார் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டான். சிட்டிபாபுவின் கண்கள் கலங்கின.

"உன் எடத்தை நான் துன்னுட்டேனேடா."

"அழாதண்ணா. ஞாயித்துக்கிழமை மேச்சுக்குக் கண்டிப்பா வருவேன்."

அவன் அடையாள அட்டையைக் காவலாளியிடம் நீட்டினான்; வாயிலில் வந்து நின்ற சித்தூர்ப் பேருந்தில் ஏறி, சன்னல் வழியே கையசைத்தான். கூடப் பிறந்த தம்பிகூடச் செய்யாததை இவன் செய்தானே, நான் இவனுக்கு என்ன செய்துவிட்டேன் என்று நினைந்தபடி, பேருந்து மறையும்வரை சிட்டிபாபு நின்றிருந்தான்.

அலுவலகத்திலிருந்து பாலையா ஒரு தாளுடன் விரைந்து வந்தார்.

"ஞாயித்துக்கிழமை நம்மளோட மோதற சித்தூர் மாங்கூழ் பேக்டரிக்காரங்க லிஸ்டு, இப்பதான் வந்துது. எனக்குத் தலையும் புரியல, காலும் புரியல. நீயே பாரு."

சிட்டிபாபு வாங்கிப் பார்த்தான். பாடிச் செல்வோர் வரிசையில் முதற்பெயர் கிரண்குமார். அதனெதிரே, அணியில் சேர்ந்த நாள் என்று குறிக்கப்பட்டிருந்தது, அவன் முதன்முதலாக விடியற்காலையில் வந்து, "நில்லுண்ணா, நான் பாடி வரேன்" என்றானே, அதற்கு முந்தைய நாள்.