கிரகணத்துக்குப் பூட்டிய கதவு

"கதவைத் திறங்கத்தை. மைதானத்துல என்ற ஸ்டூடன்ட்ஸெல்லாம் காத்துக்கிட்டிருக்காங்க."

"மாசமா இருக்கறப்ப கிரகணத்துல வெளிய போகப்படாது கண்ணு." பழனியாத்தாள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

டீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிரகணத்துக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒரு வாரமாக வகுப்பெடுத்த இயற்பியல் டீச்சரையே உள்ளே வைத்துப் பூட்டினால்?

"அது நிலாவோட நிழலுங்கத்தை, வெறும் நிழல்! உங்க பயத்தை என் தலையில கட்டாதீங்க. எங்க வேதத்துல இதெல்லாம் கிடையாது. எங்கம்மா வூடா இருந்தா..."

வேறு மதத்தில் கட்டிக்கொண்ட நாளிலிருந்து தாராபுரத்து அம்மா அவளோடு பேசுவதில்லை. நேற்று கிறிஸ்துமஸுக்காவது கூப்பிடுவாள் என்று நாள் முழுக்க போனும் கையுமாகக் கிடந்தாள்.

"உங்கம்மாதான் கண்ணு பூட்டச் சொன்னாங்க."

"எங்கம்மாவா?"

"காலைல எனக்குப் போன் பண்ணுனாங்க. 'படிச்ச திமிருல வெளிய ஓடுவா, கதவைப் பூட்டிப்போடுங்க சம்மந்தி'ன்னு ஒரே அழுகை."

மைதானத்தில் பிள்ளைகளின் கூச்சல் கிளம்பியது. டீனா சன்னலையும் சாத்திவிட்டு மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சம்மந்தின்னா சொன்னாங்க? மறுக்கா ஒருக்கா சொல்லுங்கத்தை."