பத்து சென்டிமீட்டர்

"எங்கம்மாவைக் குள்ளமாக்கினது நீங்கதானா சிஸ்டர்?"

கார்மென்ட்ஸ் கம்பெனியின் மருத்துவ அறைக்குள் நுழைந்ததுமே கேட்டேன். நர்ஸ் நிமிரவே இல்லை.

"யாரும்மா உங்கம்மா?"

"காலர் தைக்கிறவங்க. அவங்க உயரம் நூத்தி அம்பத்தெட்டு. நீங்க எழுதியிருக்கிறது நூத்தி நாப்பத்தெட்டு!" படிவத்தை மேஜையில் போட்டேன். "பத்து சென்டிமீட்டரை முழுங்கிட்டீங்க. அதனால எடையையும் உயரத்தையும் வச்சுப் போடற பி.எம்.ஐ. கணக்கு முப்பதைத் தாண்டி, 'உடல் பருமன்'னு முத்திரை. சரியா அளந்தா இருபத்தாறுதான் வரும்."

"கணக்குல கெட்டியா இருக்கியே."

"பேச்சை மாத்தாதீங்க. ஒரே ஒரு எண்ணை வச்சு ஒரு பொம்பளையோட உடம்பை முடிவு பண்றதே அநியாயம். அதுவும் தப்பான எண்!"

"அநியாயம்தான்" என்றார் நிதானமாக. "ஆனா திருத்த மாட்டேன். நாளைக்கு எட்டு மணிக்குக் கம்பெனி வண்டி வரும். அம்மாவை இதயப் பரிசோதனைக்கு அனுப்பு."

"புகார் கொடுப்பேன்."

"கொடு. எட்டு மணி, மறந்துடாதே."

பின்னால் நின்ற அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "விடுடி. நான் என்ன அழகிப் போட்டிக்கா போறேன்?"

இரண்டு பக்கப் புகாரையும் அந்தப் படிவத்தையும் பையில் வைத்துக்கொண்டுதான் மறுநாள் வண்டியில் ஏறினேன்.

அம்மாவை அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பவில்லை. இதயக் குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் சொன்னார்: "நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. இனி பயமில்லை. தாடை வலி, அசதின்னு ஏதாவது இருந்ததா?"

"நர்ஸும் இதையேதான் கேட்டாங்க டாக்டர். பல்வலியா இருக்கும்னு சொன்னேன். விட்டாங்களா!"

எனக்குள் என்னவோ இடறியது. படிவத்தை எடுத்துப் பிரித்தேன். கடைசி வரி: 'பி.எம்.ஐ. முப்பதும் அதற்கு மேலும் உள்ளவர்களை மட்டுமே இதயப் பரிசோதனைக்கு அனுப்பவும்.'

எண் எண்ணாக நோண்டிய மகராசி நான், அந்த வரியை மட்டும் படிக்கவில்லை.

மறுபடி அதே அறை. என் கையில் புகார், நான்காகக் கிழிக்கப்பட்டு.

"அம்மா எப்படி இருக்காங்க?" நர்ஸ்தான் முந்திக்கொண்டார்.

"என்னைத் திட்டற அளவுக்கு நல்லா இருக்காங்க."

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். "பொம்பளைகளுக்கு இதய நோய் எப்பவும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுதான் வரும்னு இல்லம்மா. டாக்டரைப் பாருன்னு வாயால சொன்னா, லீவு கிடைக்காதுன்னு சிரிச்சுட்டுப் போயிடறாங்க. முப்பதுன்னு எழுதினா கம்பெனியே கூட்டிட்டுப் போகுது. குண்டா இருந்தாதான் இதயம் கெடும்னு இங்க யாரோ முடிவு பண்ணிட்டாங்க. நான் என்ன பண்றது?"

அதற்குள் பட்டன் வைக்கிற அக்கா ஒருவர் வந்து எடை மெஷினில் ஏறினார். அறுபத்தெட்டு கிலோ.

"மாடி ஏறினா மூச்சு வாங்குதா?"

"ஆமா சிஸ்டர். ஒரு வாரமா தோள்பட்டை வேற கடுக்குது. தூங்கி எழுந்தாலும் அசதி போகலை."

அக்கா உயரம் அளக்கும் கம்பத்தில் முதுகை ஒட்டி நின்றார். நர்ஸின் பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்த்தார்.

கம்பத்தில் நூற்று அறுபது.

நான் எட்டிப் பார்த்து, அறை முழுக்கக் கேட்கும்படி படித்தேன்:

"நூத்தி அம்பது, சிஸ்டர். எழுதிக்குங்க."