சிறகில் வைத்த சிவப்பு மை

முதலில் காணாமல் போனது வக்கீல் வீட்டுச் செம்பு. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் கருத்தக்கண்ணனைப் பிடித்து நாலு சாத்து சாத்தினார்கள். கிணற்றில் தூர் எடுத்தபோது செம்பு கிடைத்தது.

அடுத்தது கன்றுக்குட்டி. அவனை இரண்டு நாள் ஸ்டேஷனில் குந்தவைத்தார்கள். யார் வயலிலோ மேய்ந்த கன்று, மேய்ச்சல் மாடு அடைக்கும் பவுண்டில் கட்டிக் கிடந்தது.

மூன்றாவது குடை. அதற்கும் அவன்தான். கோர்ட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தவர் வக்கீலே. செம்பும் கன்றும் குடையும் வீடு திரும்பின. கொடுத்த அடியை மட்டும் யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

நாலாவதாக, இந்த ஐப்பசியில், வண்ணத்துப்பூச்சி.

மதுரைக்குப் பக்கம் பரவையில் வக்கீலுக்கு வீடும் தோட்டமும். ஐப்பசி பிறந்தால் மேற்கு மலையைப் பார்த்துக் கூட்டங்கூட்டமாகப் போகும் கருநீலப் பூச்சிகள் அந்தத் தோட்டத்து எருக்கிலும் கிலுகிலுப்பைச் செடியிலும் இறங்கி இளைப்பாறும். வக்கீல் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எத்தனை வந்தது, எந்தத் திக்கில் போனது என்று எழுதிப் பம்பாயில் ஏதோ சங்கத்துக்கு அனுப்புவார்.

இந்த வருஷம் கொஞ்சத்தை வலைபோட்டுப் பிடித்து, சிறகில் சிவப்பு மை வைத்து, கூண்டில் அடைத்திருந்தார். மலையில் எங்கே கண்டாலும் இன்னார் தோட்டத்துப் பூச்சி என்று தெரியுமாம். இன்று சாயங்காலம் ஒரு துரை முன்னிலையில் பறக்கவிடுவதாக ஏற்பாடு.

மை வைத்தபோது கருத்தக்கண்ணன் பக்கத்தில்தான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். அவன் சாதியையே குற்றப் பரம்பரை என்று எழுதிவைத்து, ஆள் தவறாமல் ரேகை வாங்கியிருந்தது சர்க்கார்.

"நமக்குப் பெருவிரல்ல, இதுகளுக்குச் சிறகுல" என்று தனக்குள் சிரித்துக்கொண்டான்.

விடிந்து பார்த்தால் கூண்டு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு பூச்சி இல்லை.

ஏட்டு வந்தார். கண்டதையும் கேட்டதையும் மகஜராக எழுதிக்கொள்ளக் காகிதத்தை விரித்து, சாட்சிக்கு வெற்றிலைக் கடைக்காரரையும் தபால்காரரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"சந்தேகம் யார் மேலே, சார்?"

"இதுல சந்தேகம் என்னய்யா? கருத்தக்கண்ணன்தான். எழுதும்."

கருத்தக்கண்ணன் ஏட்டின் முன்னால் வந்து நின்றான். சோழவந்தானில் தங்கச்சி ஒச்சாயி மகனுக்கு இன்று மத்தியானம் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். ஊர் எல்லையைத் தாண்ட, ஏட்டு கையெழுத்துப் போட்ட ராதாரிச் சீட்டு வேண்டும். திருட்டுக் கேஸ் என்றால் சீட்டு ஏது?

"ஏட்டையா, நான் ராத்திரி..."

"நீ சும்மா இருடா." ஏட்டு தலையைச் சொறிந்தார். "ராத்திரிதானே சார் போச்சு?"

"ஆமா. படுக்கப் போறப்பக்கூடப் பார்த்தேன். அம்புட்டும் இருந்துச்சு."

"ராத்திரி பூராவும் இவன் ஸ்டேஷன்லல்ல படுத்திருந்தான்! ரேகை வச்சவன் எல்லாரும் அங்கேதானே படுக்கணும்? தலையை எண்ணிப் படுக்கவச்சதே நான்தான். இவன் வந்து திறந்தான்னு எழுதினா, என் வேலைல்ல போகும்!"

வக்கீலின் முகம் செத்துப்போனது. போன வாரம்தான் மதுரையில் மேடையேறி, "மனிதனை மாடுபோல் ஸ்டேஷனில் படுக்கவைக்கிறார்களே!" என்று அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டவர் அவர். கைதட்டல் அடங்கியதும் அந்தச் சங்கதி அவருக்கே மறந்துவிட்டது.

வெற்றிலைக் கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "அப்ப நேத்து ராத்திரி ஊருக்குள்ள நடமாடுனது, ரேகை வைக்காத நம்மளை மாதிரி யோக்கியங்க மட்டுந்தாண்ணே."

"நான் வீட்டை விட்டே வெளிய வரலப்பா!" என்றார் தபால்காரர் அவசரமாக.

வக்கீல் விடவில்லை. "இவன்தான் எவனையோ ஏவிவிட்டிருக்கான். அப்படி எழுதும்."

"செஞ்சவன் பேரு வேணுமே, சார். பேரு கிடைக்காம மகஜர் முடியாது. மகஜர் முடியாம இவன் எல்லை தாண்டவும் முடியாது."

கருத்தக்கண்ணன் அண்ணாந்து வெயிலைப் பார்த்தான். "ஏட்டையா, ஒச்சாயிக்கு என்னைய விட்டா அண்ணன் தம்பி கிடையாது. நான் போகலைன்னா அந்தப் பச்சப்புள்ளைய யார் மடியில உக்காத்துவாக?"

"அதுக்கு நான் என்னடா செய்ய?"

கதவோரம் நின்றிருந்த வக்கீல் சம்சாரம் அழகம்மாள் வெளியே வந்தாள்.

"மல்லிகைப் பந்தலுக்குக் கீழே தோண்டிப் பாருங்க, ஏட்டையா."

தோண்டினார்கள். பிடி பிடியாகச் செத்த பூச்சிகள். கெட்டியாக அப்பிய சிவப்பு மையில் சிறகோடு சிறகு ஒட்டிக் கிடந்தன.

"மை கூடிப்போச்சு. நேத்துப் பொழுது சாயறதுக்குள்ள அம்புட்டும் செத்துருச்சு. துரைகிட்டச் சொன்னா மானம் போயிரும்னு ராத்திரி பொதைச்சுட்டு, கூண்டைத் திறந்து வச்சாக."

"வச்சாகன்னா... யாரும்மா?"

"அவுக."

"எவுக?"

அழகம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். தாலி ஏறிய நாளிலிருந்து புருஷன் பெயர் அவள் வாயில் வந்ததில்லை.

"மகஜர்ல 'அவுக'ன்னு எழுதினா கோர்ட்டு சிரிக்கும்மா. பேரு சொல்லணும்."

வக்கீலுக்குப் போன உயிர் திரும்பியது. "பேரில்லாத வாக்குமூலம் சட்டப்படி செல்லாது, ஏட்டு!" என்றார்.

அழகம்மாள் ஒரு கணம் கருத்தக்கண்ணனைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள்.

"எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவுகதான். சாட்சிக்காரங்க நல்லாக் கேட்டுக்கங்க."

வாசல் தூணில் பதித்திருந்த பித்தளைப் பெயர்ப்பலகையில் விரலை வைத்து, தெருவுக்கே கேட்கும்படி வாசித்தாள்:

"எம். மலையாண்டி, பி.ஏ., பி.எல்."