யாளியின் வாய்

ஒரு கோயில் மண்டபத்துத் தூணில் கல் யாளி ஒன்று நின்றிருந்தது. உடல் சிங்கம், முகத்தில் தும்பிக்கை, திறந்த வாய்க்குள் உருளும் ஒரு கல்பந்து.

திருவிழாவுக்காகத் துடைத்து வைக்க, மரத்தால் செய்த சிங்க வாகனத்தை அந்தத் தூணருகே இறக்கினார்கள். பக்கத்தில் கோயில் யானை பூங்கோதை கட்டப்பட்டிருந்தாள்.

“தும்பிக்கை எங்களுடையது. சிங்கத்தை யானை ஜெயித்தது என்பதுதான் இந்த உருவத்துக்கு அர்த்தம்” என்றாள் பூங்கோதை.

“உடம்பைப் பார். யானையை நாங்கள் விழுங்கிவிட்டோம். மிச்சம்தான் அந்தத் தும்பிக்கை” என்றது சிங்கம்.

யாளியையே கேட்டார்கள். அது வாயைத் திறந்தபடி சும்மா நின்றது.

“கல்லுக்கு இவ்வளவு திமிரா” என்று அதன் தாடையைத் தட்டத் தும்பிக்கையை ஓங்கினாள் பூங்கோதை. யாளியின் வாய்க்குள்ளிருந்து ஒரு குருவி பதறிப் பறந்து வந்தது.

“தட்டாதீங்க. உள்ளே என் குஞ்சுகள் இருக்கு. யாளி பேசினால் பந்து உருண்டு அதுங்களை நசுக்கிடும். பன்னிரண்டு நாளாக எச்சில்கூட விழுங்காமல் நிற்குது.”

பூங்கோதை ஓங்கிய தும்பிக்கையை மெல்ல இறக்கினாள்.

“இந்தப் பொறுமை இருக்கிறதே, அது யானைக் குணம்” என்றாள் பூங்கோதை.

“காவல் காப்பது சிங்கத்தின் வேலை” என்றது சிங்கம்.

சண்டை மறுபடி தொடங்கியது. யாளியின் பற்களுக்கிடையே ஒரு குஞ்சு எட்டிப் பார்த்தது.

“அம்மா, நம்ம வீடு யானையா, சிங்கமா?”

“முதல்ல வாயைத் திற” என்று குருவி அதற்கு ஒரு புழுவை ஊட்டியது.