வீட்ட போய்ச் சொல்லு

வைஹெக்கே தீவின் கடைசி மேட்டில் நான்கு பேர் சைக்கிள்களோடு நின்றார்கள்: தனோஜன், அவன் மனைவி சுகந்தினி, அவளோடு மனுகாவ் அலுவலகத்தில் வேலை செய்யும் மலேசியக்காரி கிளாரா, தனோஜனின் சிநேகிதன் யசீகரன்.

மூன்று பேருக்குத் தெரியும். யசீகரனிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை.

அவன் தாய் யாழ்ப்பாணத்தில் செத்துப்போனாள்.

பகல் பன்னிரண்டு மணிக்கு, ஒரு திராட்சைத் தோட்டத்து வாசலில் நின்றபோது, தனோஜனின் மச்சான் ஊரிலிருந்து அழைத்துச் சொன்னான். யசீகரன் ஃபோன் எடுக்கவில்லையாம்.

"றோட்டில வச்சுச் சொல்லிப்போடாதை. வீட்ட போய், இருத்திப்போட்டுச் சொல்லு."

ஊர் வழக்கம் அது. கொழும்பிலிருந்து பஸ்ஸில் வருகிறவனிடம் 'அம்மாவுக்குக் கொஞ்சம் கடுமை' என்பார்கள். ஒழுங்கைத் தெரு முகப்பில் சாவு வீட்டு வெள்ளைக்கொடியைக் கண்டு மிச்சத்தை அவனே தெரிந்துகொள்வான்.

இங்கே வீட்டுக்கும் அவனுக்கும் நடுவில் மூன்று இறக்கம், ஒரு கடல். இரண்டு இறக்கத்தைத் தாண்டியாயிற்று. மூன்றாவதுதான் செங்குத்து. வளைந்து வளைந்து இறங்கி, படகுத்துறையில் போய் முடிகிறது. பஸ்கள் ஏறிவரும் பாதை.

கிளாரா குரலைத் தாழ்த்தினாள். "சொல்லிருங்க லா, தனோ. அவரோட அம்மா. நாளைக்கு நான் அவர் மூஞ்சிய எப்படிப் பாக்கிறது?"

"கேட்டுப்போட்டு உந்த இறக்கத்தில விழுந்தானெண்டா ஆர் பதில் சொல்லுறது? நீங்களோ?" என்றாள் சுகந்தினி.

கிளாரா தலைக்கவசத்தின் வாரை இறுக்கினாள்.

யசீகரன் தள்ளி நின்று, சரிவில் வரிசை வரிசையாய் இறங்கும் கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்கும் வாடகைக்கு எடுத்த பேட்டரி சைக்கிள்கள். அவன் மட்டும் காலையிலிருந்தே மோட்டாரை அணைத்துவிட்டு மிதித்தான். சுகந்தினி கொண்டுவந்த ரோல்ஸைத் தொடவில்லை. ருசி பார்க்க ஊற்றிக் கொடுத்த வைனையும் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றான். ஃபோனில் சார்ஜ் இல்லை என்றான்.

சார்ஜ் இல்லாததற்குத் தனோஜன் உள்ளூரக் கடவுளைக் கும்பிட்டான்.

தாய்க்கு ஒரே மகன். அகதி விண்ணப்பம் போட்டு மூன்று வருடமாகக் காத்திருக்கிறான். கொள்ளி வைக்கப் போனால் திரும்பி வர முடியாது. இதையும் அவனிடம் யாராவது சொல்லத்தான் வேண்டும். யாராவது என்றால் தனோஜன்தான்.

யசீகரன் திரும்பி மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"என்னடா, செத்தவீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறியள்?"

பதிலுக்கு நிற்கவில்லை. சைக்கிளை இறக்கத்தில் விட்டான்.

தனோஜன் பின்னால் பாய்ந்தான். முதல் வளைவில் யசீகரனின் முதுகு தெரிந்தது. இரண்டாவது வளைவில் அதுவும் இல்லை. கீழிருந்து ஒரு பஸ் உறுமிக்கொண்டு ஏறியது.

"பிரேக்கைப் பிடியடா!"

காற்று அதைக் கொண்டுபோயிற்று. பஸ் ஹோர்ன் நீளமாக அடித்தது. சொல்லாமலே கொன்றுவிட்டேனோ என்று தனோஜன் நினைத்தான்.

வளைவைத் தாண்டியதும் கண்டான். யசீகரன் படகுத்துறையடியில் ஒரு காலை ஊன்றி நின்றான். முகத்தில் ஒன்றுமில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது. அவ்வளவு வேகத்தில் வந்தால் யாருக்கும் சிவக்கும்.

படகில் அவன் வெளித்தட்டில், தனியே, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தான். கரையில் கிளாரா அவன் முகத்தைப் பாராமலே விடைபெற்றாள்.

காரில் சுகந்தினி புதுப் பானையை மடியில் வைத்திருந்தாள். நாளை விடிய பிளாட் புஷ்ஷில் அவர்களுடைய புது வீட்டில் பால் காய்ச்ச வாங்கிய பானை. காலையில் அது பின் சீட்டில் இருந்தது. ஒன்பது மணிக்கு யசீகரனை ஏற்ற வந்தபோது, வழக்கமாக ஹோர்ன் அடித்து எழுப்ப வேண்டியவன், தலை ஈரம் சொட்டச் சொட்ட ரோட்டில் நின்றான். பானையைத் தள்ளி வைத்துவிட்டு ஏறச் சொன்னதற்கு, "நீ எடு" என்றான். சோம்பேறி என்று தனோஜன் சிரித்தான்.

இப்போது சுகந்தினியின் விரல் பானை விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்தது. சாவுத் தீட்டுள்ள துடக்கு வீட்டுக்குள் கால் வைத்தால் நாளைக்குப் பால் காய்ச்ச முடியாது. ஐயர் அடுத்த நல்ல நாள் எப்போது தருவாரோ. அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

மவுண்ட் வெல்லிங்டனில், ஒரு வீட்டுக்குப் பின்னால், கராஜைத் தடுத்துக் கட்டிய அறை. அதுதான் யசீகரனின் இருப்பிடம். தனோஜன் எஞ்சினை நிறுத்தினான்.

"உள்ள வாறம். ஒரு தேத்தண்ணி போடு," என்றான். கட்டிலில் இருத்துவது, தோளைப் பிடிப்பது, பிறகு சொல்வது. படகிலேயே மனப்பாடம் செய்திருந்தான்.

சுகந்தினி பானையை சீட்டில் வைத்துவிட்டு அவளும் இறங்கினாள்.

யசீகரன் கதவைத் திறந்து உள்ளே போய், வாசலுக்குக் குறுக்கே கையை நீட்டினான். தனோஜன் மேல் படாமல் நீட்டினான்.

"காலமை எட்டரைக்கே அக்கா சொல்லிப்போட்டா."

தனோஜன் ஒரு அடி முன்னால் வைத்தான்.

"நாளைக்குப் பால் காய்ச்சுற ஆக்கள் நீங்கள். இதுக்குள்ள கால் வைக்காதேங்கோ."

கதவைச் சாத்தினான். உள்ளே பூட்டு விழுந்தது.